பெயர்ப் பலகை இல்லாத வீட்டின் பூட்டு

"எல்லாக் கதவையும் பூட்டிட்டேன் மேடம். இன்னும் என்ன செய்யணும்கிறீங்க?"

சங்கரநயினார் நின்றுகொண்டே கேட்டார். கையில் தடிமனான ஃபைல்.

பிலோமினா நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கதவு?"

"கம்ப்யூட்டரோட கதவுதான். பாஸ்வேர்டு, ஓடிபி, ஃபயர்வால், எல்லாம் போட்டாச்சு. சென்னையில காலமெல்லாம் இந்த வேலையைத்தான் பார்த்தேன். எங்கயாவது ஓட்டை இருந்தா காட்டுங்க."

"ஓட்டை இருக்காது சார். நீங்க செஞ்சது நல்லாத்தான் இருக்கும்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

"முதல் பக்கத்தைக் காட்டுங்க."

முதல் பக்கத்தில் 'பாதுகாப்பு நோக்கம்' என்று தலைப்பு. கீழே ஒரே வரி. 'கணினி அமைப்பை முழுமையாகப் பாதுகாத்தல்.'

பிலோமினா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நோக்கத்தை எழுதிட்டு வாங்க."

"அதான் எழுதியிருக்கே?"



*

நயினார் ஐம்பதைத் தாண்டியவர். பிலோமினா அவரைவிட நன்றாகவே இளையவர்.

பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் பிலோமினாவின் வீடு. பெரிய பெரிய இடங்களின் கணினிப் பாதுகாப்பைச் சரிபார்த்தவர். இப்போது அவரைத் தேடி வருகிறவர்களோடு மட்டும் பேசுகிறார். பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

சென்னை வேலையை விட்டு ஊர் திரும்பிய நயினார், கற்றுக்கொள்ள வந்திருப்பதாக அவரிடம் சொன்னார்.

"உங்களுக்கு என்ன தெரியாது சார்?" என்று பிலோமினா கேட்டார்.

நயினார் தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார்.

"சரி, வாங்க" என்றார் பிலோமினா.

நயினாருக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு காப்பகம். வீட்டில் அடிபட்டு, உயிருக்குப் பயந்து ஓடி வந்த பெண்கள் தங்கும் இடம். அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. உதவிக்கு அழைக்கும் போன் எண் மட்டும் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும்.

காப்பகத்தின் கணினியில் பெண்களின் பெயர், ஊர், வழக்கு, நோய், மருந்து எல்லாம் இருந்தன. அதை நயினார் பாதுகாக்க வேண்டும். பிலோமினா பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காப்பகத்தை நடத்தும் அறக்கட்டளை வைத்த ஏற்பாடு அது.

*

மறுநாள் நயினார் ஒரு பூட்டோடு வந்தார்.

"இது என்ன சார்?"

"வர்றப்பல்லாம் பார்க்கிறேன். உங்க வாசக்கதவுல ஒரு தாழ்ப்பாள்கூடக் கிடையாது. உள்ள ரெண்டு லேப்டாப் கிடக்கு. பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிறவங்க வீடு இப்படித் திறந்து கிடக்கலாமா?"

அவர் குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது.

பிலோமினா பூட்டை வாங்கிக் கையில் எடை பார்த்தார்.

"நல்ல பூட்டு."

அப்போது கதவு திறந்தது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, தலையில் ஈரத் துண்டோடு, யாரையும் கேட்காமல் உள்ளே வந்து பின்னறைக்குப் போனாள்.

நயினார் எட்டிப் பார்த்தார்.

கட்டிலில் ஒரு முதியவர் படுத்திருந்தார். உடம்பில் ஒரு பாதி அசையவில்லை. அந்தப் பெண் அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து மறுபக்கம் திருப்பினாள். பின்னால் தலையணையை அண்டக் கொடுத்தாள். வாயைத் துடைத்தாள்.

"வரேன் பிலோமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"அப்பாவா?"

"ம்."

"நீங்க வெளியே போயிருந்தா?"

"அப்பவும் வருவாங்க. அவங்களுக்கு முடியலைன்னா அவங்க மருமக வரும். இல்லைன்னா கீழே கடைக்காரர் ஏறி வந்து பார்ப்பார்."

நயினார் வாசல் கதவைப் பார்த்தார்.

பிலோமினா பூட்டை அவரிடம் நீட்டினார்.

"மாட்டிடுறீங்களா?"

நயினார் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"காப்பகத்துக்குப் போயிட்டு வாங்க சார். அங்கே எது நடக்கக்கூடாதுன்னு கேளுங்க."

"யார்கிட்ட கேட்கணும்?"

"நடந்தா யாருக்கு வலிக்குமோ அவங்ககிட்ட."

*

காப்பகத்தின் பொறுப்பாளர் ஆவுடையம்மாள். நடந்துகொண்டே பேசுகிறவர்.

"வைரஸ் வரக்கூடாது அண்ணாச்சி. போன மழைக்காலத்துல ஒண்ணு வந்து எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போயிருச்சு."

"வேற?"

"கரண்டு போகக்கூடாது."

நயினார் தயங்கினார். "இங்க இருக்கிறவங்ககிட்டயும் கேட்கச் சொன்னாங்க."

"கேளுங்களேன்."

பின்கட்டில் செண்பகவல்லி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். கோவில்பட்டிப் பக்கம் பள்ளியில் டீச்சராக இருந்தவர். இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருந்தது. உடைந்து, ஒழுங்காகக் கூடாத எலும்பு.

"எது நடக்கக்கூடாதுன்னு கேட்கறீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரர் இங்க வரக்கூடாது. அவ்வளவுதான் சார்."

"கம்ப்யூட்டருக்குள்ள நுழையத் தெரிஞ்சவரா?"

செண்பகவல்லி சிரித்தார்.

"மினி பஸ் வச்சு ஓட்டறவர். போன்ல ஒரு மெசேஜ் அனுப்பணும்னாக்கூட கண்டக்டரைக் கூப்பிடுவார்."

"அப்போ எப்படி வருவார்?"

"கேட்டுக் கேட்டு வருவார். அவ்வளவு நல்லாப் பேசுவார் சார். பேங்க்ல இருந்து பேசறேம்பார். கல்வி ஆபீஸ்ல இருந்து பேசறேம்பார். தேவைப்பட்டா அழக்கூடச் செய்வார்."

கணவர் வரக்கூடாது என்றது நயினாரின் காதில் விழுந்தது. மற்றது விழவில்லை. அவர் மனதுக்குள் ஏற்கெனவே வாக்கியம் எழுத ஆரம்பித்திருந்தார்.

அங்கே வேறு பெண்களும் இருந்தார்கள். நயினாருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

*

"காப்பகத்தில் உள்ளவர்களைப் பற்றிய எந்தத் தகவலும் யாருக்கும் தெரியக்கூடாது" என்று நயினார் வாசித்தார்.

"யாருக்கும்?" என்று கேட்டார் பிலோமினா.

"யாருக்கும்."

"எந்தத் தகவலும்?"

"எந்தத் தகவலும்."

"எத்தனை பேரைக் கேட்டீங்க?"

"ஒருத்தரை. அது போதும் மேடம். ஒரு பொம்பளையோட உசுரு. அதைவிடப் பெரிய ஆபத்து என்ன இருந்திடப் போவுது?"

"அது அந்தம்மாவோட ஆபத்து."

"மத்தவங்களுக்கும் அதானே?"

"எனக்குத் தெரியாது சார். நான் கேட்கல. நீங்களும் கேட்கல."

நயினார் முகம் சிவந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அறக்கட்டளை அவசரப்படுத்தியது. கையெழுத்து பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நயினாரும் அதைத்தான் விரும்பினார்.

கணினி புதிய ஏற்பாட்டுக்கு மாறியது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆவுடையம்மாளின் போனுக்கு ஓர் எண் வரும். அதை அடித்தால்தான் திறக்கும். வேறு வழி கிடையாது.

"நானே நினைச்சாலும் திறக்க முடியாது" என்று நயினார் எல்லோரிடமும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

*

காப்பகத்தில் தங்கியிருந்த பாக்கியத்தாய் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். தலையில் நல்ல வெட்டு. நினைவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் காப்பகத்துக்குப் போன் செய்தார். இந்தம்மாவுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?

போனை எடுத்தவள் ரெபேக்கா. அலுவலக வேலைகளைப் பார்ப்பவள். கணினியைத் திறந்தாள். அது எண்ணைக் கேட்டது.

எண் ஆவுடையம்மாளின் போனுக்குப் போயிற்று. ஆவுடையம்மாள் மதுரையில் ஒரு வழக்குக்காகக் கோர்ட்டுக்குள் இருந்தார். போன் அணைக்கப்பட்டுப் பைக்குள் இருந்தது.

ரெபேக்கா நயினாரைக் கூப்பிட்டாள்.

"சார், எப்படியாவது திறங்க சார்."

"முடியாதும்மா."

"உங்களாலயுமா?"

"என்னாலயும்தான்."

டாக்டர் காத்திருந்து பார்த்தார். காயம் காத்திருக்கவில்லை. ஊசி மருந்தைக் கொஞ்சமாகப் போட்டுச் சோதித்தார்கள். அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருந்தது. பாக்கியத்தாயின் முகம் ஊதியது. தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சுக்குக் குழாய் போட்டார்கள்.

பிழைத்துவிட்டாள்.

நயினார் போய்ப் பார்த்தபோது குழாயை எடுத்திருந்தார்கள். குரல் சரியாக வரவில்லை.

"அந்த ஊசி எனக்கு ஆகாதுன்னு எனக்கே தெரியும் அண்ணாச்சி" என்றாள். "சின்ன வயசுலயே ஒரு தரம் ஊதியிருக்கு. முழிச்சிருந்தா சொல்லியிருப்பேன்."

நயினார் கொண்டுபோன சாத்துக்குடியை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"அதான் சேரும்போதே ரெபேக்கா பாப்பாகிட்டச் சொல்லிவச்சேன். கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டா. அதுல இருந்தா பத்திரம்னாங்க."

*

"நான் இந்த வேலையை விட்டுடறேன் மேடம்."

பிலோமினா அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த மருந்துப் பேரை யார்கிட்ட இருந்து மறைச்சீங்க சார்?"

"எல்லார்கிட்ட இருந்தும்."

"எல்லாரும்னா? ஒரு ஆள் பேரு சொல்லுங்க."

நயினார் யோசித்தார். பாக்கியத்தாயின் கணவன் தெரிந்துகொண்டால் என்ன செய்துவிடுவான்? ஒன்றும் செய்ய முடியாது. மாமியார்? வக்கீல்?

ஒரு பெயரும் வரவில்லை.

பிலோமினா கஞ்சியை வாயில் வைத்துச் சூடு பார்த்தார்.

"விடறதுன்னா விடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெபேக்கா லீவு கேட்டிருக்கு. அந்தப் பொண்ணு இன்னும் பயந்து போய்க் கிடக்காம். அது வர்ற வரைக்கும் நீங்க போய் அந்த போன்கிட்ட உட்காருங்க."

"போன் எடுக்கவா? நான் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் மேடம்."

பிலோமினா கிண்ணத்தோடு பின்னறைக்குப் போய்விட்டார்.

*

நயினார் காப்பகத்தின் முன்னறையில் போன் பக்கத்தில் உட்கார்ந்தார். போன் அடிக்காத நேரங்களில் பெண்களிடம் கேட்டார். இந்த முறை பஸ்ஸுக்கு நேரமாகவில்லை.

பாக்கியத்தாய் கட்டுப் போட்ட தலையோடு திரும்பி வந்திருந்தாள்.

"அந்த ஊசி பேரை எழுதி என் கழுத்துலயே தொங்க விட்டுருங்க அண்ணாச்சி. யாரு வேணும்னாலும் படிச்சிக்கிடட்டும்."

நயினாருக்கு நிம்மதியாக இருந்தது. எல்லோருக்கும் அப்படியே செய்துவிடலாம்.

அடுத்து ஒரு பெண் வந்தாள். பெயரைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"நான் சாப்பிடுற மாத்திரை என்னன்னு பக்கத்துக் கட்டில்காரிக்குக்கூடத் தெரியக்கூடாது சார். தெரிஞ்சா என் கூட உட்கார்ந்து சோறு திங்க மாட்டாங்க."

நயினார் பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

*

ஒரு நாள் காலையில் போன் அடித்தது.

"வணக்கம் சார். கல்வி அலுவலகத்துல இருந்து பேசறேன். செண்பகவல்லின்னு ஒரு டீச்சர். சம்பள விஷயமா ஒரு விவரம் தேவைப்படுது. அங்க இருக்காங்கன்னா அவங்களுக்குத்தான் நல்லது."

நல்ல குரல். பொறுமையான குரல். உதவ வந்த குரல்.

நயினாரின் கை தன்னால் கணினிப் பக்கம் போயிற்று. பிறகுதான் நின்றது. முன்பு காதில் விழாமல் போன வார்த்தைகள் இப்போது கேட்டன.

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றார்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார்."

"இல்ல சார்."

வைத்துவிட்டார். பெருமையாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் மறுபடி அடித்தது.

"சார்… எங்க அம்மா அங்க இருக்காங்களா?"

ஒரு பெண் பிள்ளையின் குரல்.

"அம்மா பேரு என்ன பாப்பா?"

"செண்பகவல்லி. டீச்சர்."

இல்லை என்ற சொல் நயினாரின் நாக்கு நுனியில் இருந்தது. காலையில் எவ்வளவு எளிதாக வந்தது. இப்போது வரவில்லை.

பின்னால் எங்கோ பஸ் ஹாரன் சத்தம்.

"யாரோட போன்ல இருந்து பேசறே?"

"அப்பா போன்."

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"இல்ல" என்றாள் பிறகு.

எதற்காக அவ்வளவு நேரம் எடுத்தாள்? நயினாருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அம்மா இருக்கிறார் என்று சொன்னால் பக்கத்தில் நின்று கேட்பது யார்? இல்லை என்று சொன்னால் இந்தப் பிள்ளை எங்கே போகும்?

"பாப்பா, இங்க யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன். சொல்லணும்னு தோணுச்சுன்னா அவங்களே உனக்குச் சொல்வாங்க. நீ சொல்ல வேண்டியதை என்கிட்டச் சொல்லு. அவங்க இருந்தா, நீ சொன்னது ஒரு எழுத்து மாறாம அவங்ககிட்டப் போகும்."

"இருந்தாவா?"

"இருந்தா."

"பத்தாவது ரிசல்ட் வந்திருச்சு. கணக்குல தொண்ணூத்தி நாலுன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"எல்லா ஹோமுக்கும் போன் பண்ணிட்டேன் சார். எல்லாரும் உடனே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"நீங்க மட்டும்தான் இல்லைன்னு சொல்லல."

போன் வைக்கப்பட்டது.

நயினார் போனின் சின்னத் திரையைப் பார்த்தார். காலையில் வந்த எண்ணும் இப்போது வந்த எண்ணும் ஒன்றுதான்.

*

அவர் பின்கட்டுக்குப் போய்ச் செண்பகவல்லியிடம் சொன்னார். சொன்ன சொல் மாறாமல் சொன்னார்.

"தொண்ணூத்தி நாலா?"

"தொண்ணூத்தி நாலு."

செண்பகவல்லி தன் வளைந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் ஸ்லேட்டிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்கள்.

"அவர் பக்கத்துல இருந்தாரா சார்?"

"தெரியலம்மா. காலையில அவரே பேசினார். கல்வி ஆபீஸ்னார்."

"அவருக்கு என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு."

"அவளுக்கு?"

"சொல்ல மாட்டேன்னு."

செண்பகவல்லி டீச்சர். இரண்டு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு நேரம் ஆகவில்லை.

"நான் இங்க இருந்து போயிரணுமா சார்?"

நயினார் கட்டிய எந்தப் பூட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

*

பிலோமினா முழுவதையும் கேட்டார்.

"ரெண்டு பதில் சொல்லிட்டேன் மேடம். பொய் சொன்னது தப்புன்னு வருத்தமில்ல. உண்மையை மறைச்சதும் தப்பில்ல. ரெண்டையும் சொன்னதுதான்… காலையில இல்லைன்னவன் மதியம் சொல்ல மாட்டேன்னா, இருக்காங்கன்னுதானே அர்த்தம்."

"ம்."

"அந்த ஆள் பக்கத்துல இருந்திருந்தா, நானே காட்டிக்கொடுத்தேன்."

"இல்லாம இருந்திருந்தா?"

நயினார் யோசித்தார்.

"அப்பவும் காட்டிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு."

"பிள்ளைக்குத் தெரியறது உங்களுக்கு வேண்டாமா?"

"நான் யாரு மேடம் அதைச் சொல்ல?"

பிலோமினா எழுந்து அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை அந்த வீட்டில் நயினாருக்கு எதுவும் கொடுத்ததில்லை.

"உட்கார்ந்து எழுதுங்க" என்றார்.

*

ஆவுடையம்மாளுக்கு மற்றக் காப்பகங்களின் பொறுப்பாளர்களைத் தெரியும். நயினார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யார் கேட்டாலும் 'சொல்ல மாட்டோம்' என்றே பதில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

சிலர் உடனே சரி என்றார்கள். சிலர், இல்லை என்று சொல்லிவிடுவதுதானே சுலபம் என்றார்கள். ஆவுடையம்மாள் விடவில்லை.

"எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாத்தாம்மா அது பூட்டு. ஒருத்தி மாத்திச் சொன்னா, பூட்டு எந்த வீட்ல இருக்குன்னு தெரிஞ்சு போயிரும்."

செண்பகவல்லியை வேறு ஊருக்கு அனுப்புவதா என்று அவரிடமே கேட்டார்கள். அவர் ஒரு நாள் யோசித்தார். இருக்கிறேன் என்றார். வாசலில் சில நாள் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார்.

யாரும் வரவில்லை. வர மாட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

பாக்கியத்தாயின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. பெயரைச் சொல்லாத பெண்ணின் மாத்திரைச் சீட்டு ஒட்டிய உறைக்குள் இருந்தது. அவள் மயங்கிக் கிடந்தால் டாக்டர் மட்டும் பிரிக்க வேண்டும் என்று மேலே அவளே எழுதியிருந்தாள். மற்றவர்கள் தங்கள் தங்கள் விருப்பத்தைச் சொன்னார்கள். நயினார் கணினியை அதற்குத் தக்கபடி மறுபடி கட்டினார். நிறைய விவரங்களை அதிலிருந்து எடுத்தே விட்டார். ஏன் அவற்றைக் கேட்டு வாங்கினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

*

முதல் பக்கத்தை அவர் பிலோமினாவிடம் கொடுத்தார். பிலோமினா வாய்விட்டு வாசித்தார்.

"ஒருவர் இங்கே இருக்கிறாரா என்பதை அவரே சொல்ல வேண்டும். கேட்பவர் யாராக இருந்தாலும் நாங்கள் ஒரே பதிலைத்தான் சொல்வோம். அவருக்கு வரும் செய்தி மாறாமல் அவரைச் சேரும். தன் உயிருக்கு எது வேண்டும் என்று அவர் சொல்லிவைத்தாரோ, அது அவரால் பேச முடியாத நேரத்திலும் கிடைக்கும்."

பேனாவை எடுக்கவில்லை.

"இதுவும் சரியில்லையா மேடம்?"

"நான் ரெண்டாவதாப் போடுறேன் சார்."

"முதல்ல யாரு?"

பிலோமினா தாளை அவர் கையில் கொடுத்தார். நயினார் படியிறங்கி, காப்பகத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தார்.

*

செண்பகவல்லி தாளை இரண்டு முறை படித்தார். ஓர் இடத்தில் 'க்' விட்டுப் போயிருந்தது. சேர்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"இனிமே எந்த ஹோமுக்குக் கூப்பிட்டாலும் அவளுக்கு இதே பதில்தானா சார்?"

"ஆமாம்மா."

"எங்க கேட்டாலும்?"

"எங்க கேட்டாலும்."

செண்பகவல்லி தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ மறுபடி கூப்பிட்டா இதையே சொல்லுங்க."

"சரிம்மா."

"பிள்ளைதானே, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."